நான்காவது பெட்டி

"டீச்சரம்மா, எந்தக் கோன் நல்ல கோன்?"

வேதமாணிக்கம் இதைக் கேட்பது ஏழாவது தடவை. கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. டீச்சரம்மா மெகருன்னிசாவுக்கு முப்பத்து மூன்று. மதுரை மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கிழிந்துபோன ஸ்பீக்கர்களுக்குக் கோன் மாற்றிக் கொடுக்கும் கடை அவளுடையது. ஸ்பீக்கர் பாடம் கேட்க வந்த நாளிலிருந்து அவருக்கு அவள் டீச்சரம்மா.

கோன் என்றால் பயந்துவிட வேண்டாம். ஸ்பீக்கரின் நடுவில் புனல் மாதிரி ஒன்று இருக்குமே, அதுதான். அது அதிர்ந்தால்தான் பாட்டு.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு சார்?" என்றாள் மெகர்.

அவர் நோட்டைப் பிரித்தார். முப்பது வருஷம் நிலம் அளந்த சர்வேயர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார்.

"பேப்பர் இதமா இருக்கு, ஆனா மழை நாள்ல தொய்யுது. பிளாஸ்டிக்கு ஈரத்துக்கு அசைய மாட்டேங்குது, ஆனா சளி பிடிச்சவன் பாடுற மாதிரி இருக்கு. அலுமினியம் ஒவ்வொரு எழுத்தையும் காட்டுது, காதையும் குத்துது. மஞ்சள் நார்ல நெய்ஞ்சது இருக்கே, அதைப் பத்தி மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கேன். முடிவுக்குத்தான் வர முடியல."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

நோட்டு மூடிக்கொண்டது.

"அவ எந்திரிச்சுப் போயிர்றா."

விஷயமே அதுதான். ரிட்டயர் ஆனதும் மனைவி ஜெயசீலியோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்றுதான் மனுஷர் இந்தக் கூத்தையெல்லாம் தொடங்கினார். ஊர் ஊராக அலைந்த காலத்தில் அதற்கு நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது, நான்கு ரக ஸ்பீக்கர் இருக்கிறது, ஜெயசீலிதான் இல்லை. பாட்டுப் போட்ட அரை நிமிஷத்தில் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு பாட்டு. முழுசாக ஒரே ஒரு பாட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் அவருக்கு.

"கொஞ்சம் எந்திரிங்க சார்."

எழுந்தார். மெகர் அவருடைய ஸ்டூலைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"ஸ்பீக்கர் எனக்குப் பின்னால போயிருச்சே?"

"இருக்கட்டும்."

கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவரின் பெட்டி ரிப்பேருக்கு வந்திருந்தது. அதில் ஒரு ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டுப் போட்டுவிட்டு, மெகர் பேப்பர் படிக்க உட்கார்ந்தாள்.

எதிரே பஞ்சவர்ணத்தின் தையல் கடை. பஞ்சவர்ணம் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். தடதடவென்று ஒரே ஓட்டம்.

இரண்டாவது ஸ்பீக்கர். அதே பாட்டு.

"சவுண்டைக் கொறடி!" என்று எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது. கால் நிற்கவில்லை.

மூன்றாவது ஸ்பீக்கர். அதே பாட்டு.

மெஷின் மெதுவானது. பிறகு நின்றேவிட்டது. ரவிக்கைக் கையில் குத்திய ஊசி குத்தியபடி இருக்க, பஞ்சவர்ணம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

"இதுவே மண்டபத்துக்குப் போகட்டும்," என்று மெகர் திருப்புளியை எடுத்தாள்.

"நீங்க கேக்கவே இல்லையே டீச்சரம்மா! பேப்பர்தான படிச்சிட்டு இருந்தீங்க?"

"பஞ்சவர்ணம் அக்கா கேட்டுச்சுல்ல."

வேதமாணிக்கத்துக்கு எரிச்சலாக வந்தது. எட்டு மாசம் நடையாய் நடந்தது இதற்குத்தானா?

மறுநாள், அவர் கடையில் விட்டுப்போயிருந்த நான்கு ரக ஸ்பீக்கர்களையும் ஒரே மாதிரி நான்கு பெட்டிகளில் பூட்டி, முன்பக்கம் கறுப்புத் துணி கட்டி வைத்திருந்தாள்.

"எதுல எது இருக்கு?"

"தினம் ஒண்ணு வைங்க. பாட்டை வீட்ல அவங்க எடுக்கட்டும். இத்தன நாள் நீங்க என்ன போட்டீங்க?"

"கண்ணாடி உடையிற சத்தம், தவில், அப்புறம் ஒரு ரயில். அரை நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தி, திரும்ப முதல்லருந்து போட்டு எழுதிக்குவேன். பதினஞ்சு, இருபது தடவ."

மெகர் அவரையே பார்த்தாள். நோட்டுக்காகக் கையை நீட்டினாள்.

நோட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

"என்ன பாட்டு வேணும்?" என்று அவர் கேட்டதும் ஜெயசீலி சந்தேகமாகப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே உங்களுக்கு?"

முதல் நாள், பாதிப் பாட்டில் எழுந்துபோனாள். இரண்டாம் நாள் அதற்கும் முன்னாலேயே. மூன்றாம் நாள் கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வேதமாணிக்கம் பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைத்தார்.

நான்காம் நாள், தோசையை ஊற்றிவிட்டு, சாப்பிட வாருங்கள் என்று சொல்ல வந்தவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா, நாற்காலி நுனியில்தான். அப்புறம் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். உதடு மட்டும் பாட்டோடு அசைந்தது.

வேதமாணிக்கம் பெட்டியைப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. தீய்ந்த வாசனை வந்தது. ஜெயசீலி அசையவில்லை. அவர் பூனை மாதிரி எழுந்து போய் அடுப்பை அணைத்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மெகர்தான்.

"எப்படி சார்?"

"தோசை தீஞ்சு போச்சு டீச்சரம்மா," என்றார் ரகசியமாக. இவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் சொல்லி வருஷக்கணக்காகிறது.

மறுமுனையில் மெகர் சிரித்தாள். "துணியப் பிரிச்சுப் பார்த்தீங்களா? எந்தக் கோனு?"

அவர் கதவோரமாகக் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"பார்க்கணும்னா பாட்ட நிறுத்தணுமே!"