சேந்தன் ஆடின மூணு ஆட்டம்

அமெரிக்காவுல ஒரு ஊர்ல ஒரு சேந்தன் இருந்தானாம். நம்ம அருப்புக்கோட்டை வம்சம்தான், அங்க போய்ப் பொறந்தவன். பேஸ்பால்னு ஒரு ஆட்டம் இருக்குல்ல, கட்டையால டமால்னு அடிப்பாங்களே, அதுல தூரத்துப் புல்லுல நின்னு பந்து பிடிக்கிறவன். ம் கொட்டுடி, இல்லேன்னா நான் தூங்கிடுவேன்.

ம்.

அவங்க அம்மா கோமு, இத்துனூண்டுலேருந்து ஒண்ணே ஒண்ணு சொல்லி வளர்த்தா. "பெரியவங்க கை நீட்டினா நீ கையைப் பின்னால இழுத்துக்கணும்டா." வடை சுட்டாக்கூட அப்பா எடுத்தப்புறம்தான் அவன் எடுப்பான்.

அப்புறம் ஒரு நாள், பெரிய டீம்ல ஒருத்தருக்குக் கால் பிசகிக்கிச்சு. "மூணு ஆட்டம் ஆடு. நல்லா ஆடினா இந்த இடம் உனக்கே"ன்னு சேந்தனைக் கூப்பிட்டாங்க. பொறந்ததுலேருந்து அவன் ஆசைப்பட்டது அது ஒண்ணுக்குத்தான்.

மொத ஆட்டத்துல ஒரு பந்துகூட அவன் பக்கம் வரலை. புல்லை எண்ணிட்டு வந்தான். ரெண்டாவது ஆட்டத்துல சொய்ய்ங்னு ஒண்ணு வந்துச்சு. ஓடினான், ஓடினான், தாவி லபக்! கூட்டமே எழுந்து கத்துச்சு.

ம்...

அப்போ மூணாவது ஆட்டம். பந்து விர்ருனு மேல போச்சு. இந்தப் பக்கம் சேந்தன் ஓடறான், அந்தப் பக்கம் நரைச்ச தாடி மார்ட்டின் ஓடறார். இருபது வருஷமா ஆடறவர். ரெண்டு பேரும் முட்டிக்காம இருக்க, கிட்ட இருக்கறவன் "எனக்கு!"ன்னு கத்தணும், மத்தவர் நின்னுடணும். அதான் அங்க வழக்கம். கிட்ட இருந்தது சேந்தன்தான். தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா பெரியவர் கையைத் தூக்கிட்டாரே! வாயை மூடிட்டு நின்னுட்டான். இவன் கத்துவான்னு அவரும் நின்னுட்டார்.

தொப்! நடுவுல விழுந்துச்சு. ஆட்டம் போச்சு. மறுநாளே பையைக் கட்டச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் கூப்பிடலை. நினைச்சா எனக்கே வயிறு எரியுதுடி.

வீட்டுக்கு வந்தான். "ஏன்டா பிடிக்கலை?"ன்னு கேட்டா கோமு.

"வெயில் கண்ணுல அடிச்சுதும்மா. பந்தே தெரியலை."

அவதான் டிவியில பார்த்தாளே. அன்னிக்கு ஒரே மேகம், பொட்டு வெயில் இல்லை. தான் சொன்ன சொல்லுதான் பிள்ளை வாயைக் கட்டிப்போட்டுதுன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு. "ஆமாண்டா, நல்ல வெயில்"னு அடுப்பு பக்கம் திரும்பிக்கிட்டா.

அன்னிக்கு மொத வடையை அப்பாவுக்கு வைக்கலை. சேந்தன் தட்டுல வெச்சா. "சாப்பிடுடா, உனக்குத்தான்."

அவன் அப்பா எடுக்கட்டும்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தான்.

என்னடி, ம் காணோம்? சரி, வடையும் ஆறிப்போச்சு, கதையும் ஓஞ்சுபோச்சு. நீ தூங்கு.