ஆரபி ஓடாத பந்தயம்

"அக்கா, நீங்கள் காதுக்குள்ள கதைக்கிறதுதான் எனக்குப் பிரச்சினை," என்றாள் ஆரபி.

அவளுடைய கார் பக்கத்தில்தான் கிடந்தது. அதன் முன்சக்கரம் ஒன்று காரோடு சம்பந்தமே இல்லாததுபோலத் தனியாகப் படுத்திருந்தது.

சுகந்தினி அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு ஆரபியைப் பார்த்தார்.

"நான் என்ன கதைச்சனான்?"

"'வெளிப்பக்கத்தில கார்' எண்டு சொன்னீங்கள்."

"வெளிப்பக்கத்தில கார் நிண்டதோ?"

ஆரபி தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள்.

"நிண்டதுதான். ஆனா நீங்கள் சொன்னது சரியோ எண்டு நான் யோசிச்சன். யோசிச்சு முடிய முன்னம் சுவர் வந்திட்டுது. நீங்கள் பேசாமல் இருந்திருந்தா நான் என்ரை பாட்டுக்கு ஓடியிருப்பன்."

சுகந்தினி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் காதில் இருந்த ஹெட்செட்டைக் கழற்றி ஆரபியின் தலையில் மாட்டிவிட்டார்.

"உன்ரை கார் நாளைக்கு ஓடாது. அப்ப நீ கதை."

"ஆருக்கு?"

"எத்தியேனுக்கு."

ஆரபிக்கு முகம் சிவந்தது.

உயரத்தில் நின்று ஓடுபவரின் காதுக்குள் வழி சொல்வதில் சுகந்தினி பந்தயக் குழுக்களில் பெயர் பெற்றவர். ஒரு முழு ஓட்டத்துக்கும் அவர் பேசும் பேச்சை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம் என்பார்கள். அவரிடம் தொழில் பழகவேண்டும் என்றே ஸ்காபரோவிலிருந்து இந்தக் குழுவுக்கு வந்தவள் ஆரபி. சின்ன வயதில் கோ-கார்ட் என்னும் குட்டிக் காரில் தொடங்கி, படிப்படியாக ஏறி, சக்கரங்கள் மூடாத இந்த ஒற்றை இருக்கைக் கார்வரை வந்துவிட்டாள். வேகத்தில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை.

எத்தியேன் அதே குழுவின் மற்றக் காரை ஓட்டுபவன். கியூபெக்காரன். எப்போதும் விசிலடிப்பான். தோற்றாலும் விசிலடிப்பான். அதுதான் ஆரபிக்குப் பொறுக்காது.

இரண்டு பேருக்கும் இந்த வருடம் சரிசமமான புள்ளிகள். கூடுதலாக எடுப்பவருக்கு மேல்வகுப்புக் காரை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு. ஒருவருக்கு மட்டும்தான்.

"அக்கா, அவன் வெல்லுறதுக்கு நானே உதவி செய்யிறதோ? பிறகு எனக்கு என்ன மிஞ்சும்?"

"நாளைக்குப் பின்னேரம் வந்து கேள்," என்று சொல்லிவிட்டு, சுகந்தினி அந்தச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார்.

•

ஒன்ராறியோவின் சோளக் காணிகளுக்கு நடுவே இருந்தது அந்த வட்டப் பாதை. கிண்ணத்தின் உள்விளிம்புபோலச் சாய்வாக வளைந்து ஓடும். பார்வையாளர் கூடத்துக்கு மேலே, கூரையோடு ஒட்டினாற்போல ஒரு மேடை. ஒவ்வொரு காருக்கும் ஒருவர் அங்கே நிற்பார். அவரை ஸ்பொட்டர் என்பார்கள்.

அந்தக் காரில் உட்காருவது என்றால் கிட்டத்தட்டப் படுப்பதுதான். தோளை வார் இறுக்கியிருக்கும். தலையைத் திருப்ப முடியாது. பக்கத்தில் யார் வருகிறார் என்று ஓடுபவருக்குச் சரியாகத் தெரியாது. திறந்த சக்கரத்தின்மேல் இன்னொரு சக்கரம் ஏறினால் கார் வானத்தில் நிற்கும். ஆகவே மேலே நிற்பவர்தான் கண்.

ஆரபி மேடையில் ஏறினாள். தொப்பி போட்ட பெரிய பெரிய ஆட்கள் நின்றார்கள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற தாடிக்காரர் மெல்ல நகர்ந்து இடம் விட்டார்.

"முதல் தரமோ?"

"ஓம்."

"தண்ணி குடிச்சிட்டு நில். தொண்டை காயும்."

பச்சைக் கொடி அசைந்தது.

"எத்தியேன், உள்பக்கத்தால ஒரு நீலக் கார் வருது. அதுக்குப் பின்னால மஞ்சள். மஞ்சள் கொஞ்சம் மெதுவா வாறமாதிரித்தான் கிடக்கு, ஆனா நீலம்..."

"ஆரபி," என்றது காதுக்குள் எத்தியேனின் குரல். "நீலம் என்னைத் தாண்டிப் போட்டுது. மஞ்சளும் போட்டுது. நீ இப்ப சொல்லுற கதை போன வட்டத்துக் கதை."

தாடிக்காரர் இருமுவதுபோலச் சிரித்தார்.

ஆரபி கீழே பார்த்தாள். பாதையோரச் சுவரில் சாய்ந்துகொண்டு சுகந்தினி தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தார். மேடையை நிமிர்ந்து பார்த்து ஒரு விரலைக் காட்டினார்.

ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்கிறாரா? ஆரபி பொறுத்தாள். அதற்குள் எத்தியேனை இன்னொரு கார் முந்தியது.

"ஹலோ?" என்றான் எத்தியேன். "மேல ஆராவது நிக்கினமோ?"

சுகந்தினி மறுபடியும் விரலைக் காட்டினார். பிறகு அதே விரலை வாயில் வைத்தார்.

ஒரு சொல்.

"உள்ளே," என்றாள் ஆரபி.

உள்பக்கத்தில் இன்னொரு கார் என்று அர்த்தம். எத்தியேனின் கார் அசையாமல் தன் கோட்டில் நின்றது.

"இன்னும்."

நின்றது.

"கிளியர்."

வழி காலி என்றதும் கார் உடனே இறங்கி வளைவின் உள்பக்கத்தைப் பிடித்தது. ஒருவனை முந்திவிட்டான்.

ஆரபிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது.

அதன்பிறகு அவளுக்கு வெயில் தெரியவில்லை. காருக்குள் இருக்கும்போது அவள் கண்டதெல்லாம் முன்னால் போகிறவனுடைய காரின் பின்சிறகுதான். இங்கிருந்து பார்த்தால் முழு வட்டமும் கையில் இருந்தது. எவன் களைத்துவிட்டான், எவனுடைய டயர் வழுக்குகிறது, எந்த இடைவெளி அடுத்த வளைவில் திறக்கப்போகிறது, எல்லாம் தெரிந்தது. வாயைத் திறந்தால் ஒரு சொல்தான் வந்தது. அந்த ஒன்றும் போதுமாக இருந்தது.

எத்தியேன் மஞ்சளை முந்தினான். நீலத்தையும் முந்தினான். கடைசிச் சுற்று வரும்போது அவனுக்கு முன்னால் ஒரேயொரு சிவப்புக் கார்தான் மிச்சம்.

•

சிவப்புக் கார் வளைவின் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வழுக்கியது. உள்ளே வழி திறந்தது.

ஆனால் எத்தியேனின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது.

"உள்ளே," என்றாள் ஆரபி.

எத்தியேன் இறங்கவில்லை.

"இன்னும்."

வெள்ளைக் கார் பின்வாங்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல அதன் மூக்கு எத்தியேனின் பின்சக்கரத்தை விட்டுக் கழன்றது. எத்தியேனுக்கு அது தெரிய வழியில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது.

ஆரபியின் பெருவிரல் பேசும் பொத்தானில் இருந்தது.

ஒன்றும் சொல்லாமல் விட்டாலும் குற்றமில்லை. சந்தேகமாக இருந்தது என்று சொல்லலாம். ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவன் இரண்டாவதாக வருவான். அவனுடைய புள்ளிகள் அவளுக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கும். அந்த மேல்வகுப்புக் காரும்தான்.

கீழே அவன் காத்திருந்தான். விசில் இல்லை, பேச்சு இல்லை. காதை அவளிடம் கொடுத்துவிட்டு முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தான்.

"கிளி..."

மிச்ச எழுத்து வாயில் இருக்கும்போதே கார் திரும்பிவிட்டது.

ஆரபி எட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் பார்த்தேனா? வெள்ளை உண்மையாகவே பின்னுக்குப் போனதா? இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் ஒரு கையை நுழைக்கலாம். இரண்டு கையை நுழைக்க முடியாது.

தொடவில்லை.

எத்தியேன் சிவப்புக்குப் பக்கத்தில் வந்தான். இருவரும் ஒன்றாக முடிவுக் கோட்டைக் கடந்தார்கள். முதலிடம் காட்டும் பலகையில் எண் மாறியது.

எத்தியேனின் எண்.

அடுத்துத் தான் என்ன செய்தாள் என்று ஆரபிக்குச் சரியாக நினைவில்லை. தாடிக்காரரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் பிறகு தெரிந்தது.

"பிள்ளை," என்றார் அவர் மூச்சுத் திணறி, "அந்தச் சிவப்புக் கார் என்ரை ஆள் ஓடினது."

"சொறி அங்கிள்," என்று சொல்லிவிட்டு இன்னொரு தரம் குதித்தாள்.

•

கீழே கொட்டகையில் அவளுடைய கார் நான்கு சக்கரங்களோடு நின்றது. சுகந்தினி குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைய ஓட்டத்துக்கு இது ரெடி," என்றார் நிமிராமல். "நீ என்னவோ கேக்கவேணும் எண்டாய்."

ஆரபி ஹெட்செட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

"மறந்து போனன் அக்கா."

"நல்லது."

"ஆனா வேறை ஒண்டு கேக்கவேணும்."

"என்னட்டையோ?"

ஆரபி சுற்றிவரப் பார்த்தாள்.

"இல்லை. உங்களிட்டை இல்லை."

சுகந்தினி கையிலிருந்த திருகுசாவியை நீட்டிக் கொட்டகையின் மறுபக்கத்தைக் காட்டினார்.

அங்கே டயர் அடுக்கின்மேல் எத்தியேன் உட்கார்ந்திருந்தான். வெற்றிக் கிண்ணம் கீழே மண்ணில் கிடந்தது. ஆரபியின் அம்மா எல்லோருக்கும் என்று கொடுத்துவிட்ட, கறி வைத்துப் பொரித்த றோல்ஸ் பெட்டி அவன் மடியில் திறந்திருந்தது. பாதி காலி.

"உறைக்குது," என்றான் கண்ணில் நீர் வழிய. "நல்லா இருக்கு."

ஆரபி அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கடைசி வளைவில நான் சொல்லி முடிய முன்னமே திருப்பினாய்."

"ஓம்."

"நான் பிழையாப் பார்த்திருந்தா?"

எத்தியேன் இன்னொரு றோல்ஸை எடுத்தான். கடிப்பதற்குமுன் கொஞ்சம் யோசித்தான்.

"சுவருக்குள்ள இருந்திருப்பன்."

"வேணுமெண்டே பேசாமல் இருந்திருந்தா?"

"ரெண்டாவதா வந்திருப்பன்."

"நீ வெண்டா எனக்கு நட்டம் எண்டும் உனக்குத் தெரியும்."

"வடிவாத் தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சுகொண்டோ திருப்பினாய்?"

எத்தியேன் மெல்வதை நிறுத்தினான். அவள் கேட்டது உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை.

"திருப்பாமல் எப்பிடி ஆரபி முந்துறது?"