எலுமிச்சம்பழத்தை யாரும் நறுக்கவில்லை

பவளக்கொடி பி.எட் சேரும்போது வயது நாற்பது. பெரிய மகள் பன்னிரண்டாவது முடித்த வருஷம் அது. இரண்டாம் வருஷப் பயிற்சிக்கு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். வழிகாட்டி ஆசிரியையாக அமைந்த ஸ்டெல்லா டீச்சருக்கு இருபத்தொன்பது வயது. இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அக்கா என்பார். பிள்ளைகளுக்கு அதில் ஒரே சிரிப்பு.

திங்கட்கிழமை பவளக்கொடி கேட்டார். "டீச்சர், இந்தப் பிள்ளைங்களை இங்கிலீஷ் எப்படிப் பேச வைக்கிறது?"

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க அக்கா?"

"படம் காட்டினேன். அட்டை வெட்டினேன். விளையாட்டுக்கூட வச்சேன். வாயைத் திறந்தாத்தானே! திறக்கிற ஒண்ணு ரெண்டும் தப்புத் தப்பா. நானும் விடாம திருத்துறேன்."

"விடாமலா?"

"ஒரு தப்பைக்கூடத் தப்பிக்க விடமாட்டேன் டீச்சர்."

ஸ்டெல்லா டீச்சர் சிரித்தார். அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து பேராசிரியர் வருகிறார். பவளக்கொடி பாடம் எடுப்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். போன வருஷம் இன்னொரு பள்ளியில் இதே மாதிரி நடந்தபோது ஒரு பிள்ளையும் பேசவில்லை. தேர்ச்சி இல்லை என்று எழுதிவிட்டார்கள். "இந்தத் தடவையும் போச்சுன்னா படிச்சது போதும், வீட்டைப் பாரு" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

பவளக்கொடி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எலுமிச்சை ஜூஸ் போடுவது எப்படி என்பதுதான் பாடம். எட்டு வரி. எட்டுப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு வரி மனப்பாடம்.

"அடுத்தவங்க வரி உங்களுக்கு வேண்டாம். உங்க வரியை மட்டும் நெட்டுருப் போடுங்க. மத்தவங்க கை தட்டுங்க, போதும்."

இசக்கியம்மாள் வகுப்பிலேயே வாய் திறக்காதவள். அவளுக்குக் கடைசி வரி. ஒரே ஒரு சொல்.

வியாழக்கிழமை ஒத்திகை. மேசைமேல் பழம், கத்தி, சர்க்கரை, தண்ணீர்ச் செம்பு, டம்ளர் எல்லாம் தயார். மூன்றாம் வரிக்காரி முத்துக்கனி மட்டும் இல்லை. சித்தி மகனுக்குக் காதுகுத்து.

"டேக் எ லெமன்."

"வாஷ் த லெமன்."

நாலாவது பையன் காலி இடத்தைப் பார்த்தான். பவளக்கொடி மிஸ்ஸைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்க்வீஸ் த லெமன்!" என்றான். அப்புறம் சர்க்கரை, தண்ணீர் என்று கடகடவென்று ஓடியது. எட்டாவதாக இசக்கியம்மாள் தன் சட்டைப் பொத்தானிடம் "ட்ரிங்க்" என்றாள்.

"அப்போ பழத்தை நறுக்கினது யாரு?" என்று பவளக்கொடி கேட்டார்.

ஏழு பேரும் முத்துக்கனியின் காலி இடத்தைப் பார்த்தார்கள்.

பவளக்கொடி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஸ்டெல்லா டீச்சர் எழுந்து வந்தார். "அக்கா, கொஞ்ச நேரம் என் இடத்துல போய் உட்காருங்க. பிள்ளைங்க சொன்னபடியே நான் ஜூஸ் போடுறேன்."

பழத்தை எடுத்தார். கழுவினார். முழுப் பழத்தை அப்படியே டம்ளருக்கு மேல் பிடித்துப் பிழிந்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம். ஒரு சொட்டு விழவில்லை. அங்கங்கே களுக்கென்று சிரிப்பு. அவர் கண்டுகொள்ளவில்லை. சர்க்கரையைப் போட்டார். செம்பைத் தூக்கினார்.

"நோ!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"நோ வாட்டர், டீச்சர்! கட்! ஃபர்ஸ்ட் கட்!"

இசக்கியம்மாள்தான். பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் வண்டி போட்டிருப்பது அவளுடைய அம்மா. அந்தப் பிள்ளையால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"கட்?" என்று ஸ்டெல்லா டீச்சர் கத்தியை எடுத்து, அதன் முதுகால் பழத்தை அறுக்கத் தொடங்கினார்.

வகுப்பே எழுந்துவிட்டது. "நோ டீச்சர்! நைஃப் டர்ன்! டர்ன்!" "அதர் சைடு!" "டீச்சர், ஹேண்ட் கேர்ஃபுல்!"

அறுத்துப் பிழிந்தார். கொட்டையும் சேர்ந்து விழுந்தது. இசக்கியம்மாள் மேசைக்கே வந்துவிட்டாள். "சீட் டேக், டீச்சர்! சீட் நோ ட்ரிங்க்!"

பின்வரிசையில் பவளக்கொடி பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். "இசக்கி, அப்படிச் சொல்லக் கூடாது. டேக் அவுட்..."

ஸ்டெல்லா டீச்சர் டம்ளரை அவர் வாயில் வைத்தார். "குடிச்சுப் பாருங்க அக்கா."

"மிஸ், குட்?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள்.

புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. "நோ குட்" என்றார் பவளக்கொடி.

அதை யாரும் திருத்தவில்லை. எல்லாரும் "மோர் சுகர்!" என்று கத்தினார்கள்.

மறுநாள் முத்துக்கனி வந்திருந்தாள். ஆனால் பவளக்கொடி யாரிடமும் வரி கேட்கவில்லை. பேராசிரியருக்கு வணக்கம் சொன்னார். முழுப் பழத்தை எடுத்து டம்ளருக்கு மேல் பிடித்துப் பிழிந்தார். "நோ மிஸ்! கட்!" என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பேராசிரியர் கொஞ்ச நேரம் குறிப்பெழுதினார். பிறகு பேனாவை மூடினார். கத்தியின் முதுகு பழத்தில் பட்டதும் அவரே பாதி எழுந்து, "மேடம், நைஃப்! நைஃப்!" என்றார்.

சாயங்காலம் பவளக்கொடி தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதில் எழுதியிருந்தது: "மாணவர்களின் ஆங்கிலத்தில் பிழைகள் ஏராளம். பேசாத மாணவர் ஒருவரும் இல்லை. தேர்ச்சி."

ஸ்டெல்லா டீச்சர் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க டீச்சர். நான் தலைகீழா நின்னும் பேசாத பிள்ளை எப்படிப் பேசினா?"

"அடுத்தவங்களைத் திருத்தும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் அக்கா?"

பவளக்கொடி வெட்கப்பட்டார். "பொய் சொல்லுவானேன். நல்லாத்தான் இருக்கும்."

ஸ்டெல்லா டீச்சர் டம்ளரை உதறிக் கவிழ்த்து வைத்தார்.

"இத்தனை நாளா அதை நீங்க ஒருத்தரே வச்சிருந்தீங்க."