மயிலின் சுத்தமான காப்பகம்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில், புங்கமர நிழலில், மயில் ஒன்று குட்டிகள் காப்பகம் நடத்திவந்தது. இரை தேடப் போகும் தாய் விலங்குகள் காலையில் குட்டிகளை அங்கே விட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் வந்து அழைத்துப்போகும்.

அந்த இடத்தில் ஒரு சருகுகூடக் கிடக்காது. மயில் தன் தோகையாலேயே நாளுக்கு நாலு தடவை கூட்டிவிடும். தாய்களுக்கு அதைப் பார்த்தாலே பூரிப்புத்தான். கீரியும் அப்படித்தான் மயங்கிக் கிடந்தது. "உங்க இடத்துல தரையில போட்டே சாப்பிடலாம்" என்று அதுவே எத்தனையோ முறை புகழ்ந்திருக்கிறது.

ஒருநாள் மாலை, வளைக்குத் திரும்பும் வழியில் கீரிக்குட்டி குளத்தில் வாய் வைத்தது. வைத்த வாயை நெடுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு ஒரு புதரோரம் ஒதுங்கியது. ஒதுங்கிய கையோடு அழ ஆரம்பித்தது.

"அம்மா, ஒண்ணுக்குப் போனா எரியுது."

"எத்தனை நாளா?"

"மூணு நாளா. பகல்ல தண்ணி கேட்டா மயில் மாமா திட்டுறாரு."

கீரிக்குச் சுருக்கென்றது. மறுநாள் அது இரை தேடப் போகவில்லை. உச்சிவெயிலில், சொல்லாமல் கொள்ளாமல் காப்பகத்துக்கே போய் நின்றது. குட்டிகள் வரிசையாக, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தன. முயல்குட்டிக்கு உதடு வெடித்திருந்தது. மான்குட்டி ஓர் ஓரமாகச் சுருண்டு கிடந்தது.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"தூங்குது" என்றது மயில்.

கீரி தொட்டுப் பார்த்தது. குட்டியின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"இது தூக்கமா? தண்ணி குடுத்தீங்களா?"

"சாயங்காலம் நீங்க வந்து குடுத்துக்கலாம். பகல்ல குடிச்சா இதுங்க இங்கேயே நனைச்சு வைக்கும். தரை என்னத்துக்கு ஆகும்?"

கீரிக்கு வந்த கோபத்தில் மரியாதை பறந்துபோனது. "பத்தடி தூரத்துல குளம் இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே பச்சைப் பிள்ளைங்களை நாக்கு வறள உட்கார வச்சிருக்கியே, உனக்கு ஈவு இரக்கம் இருக்கா? பசங்களா, எழுந்து போய்க் குடிங்க!"

குட்டிகள் விழுந்தடித்து ஓடின. கீரி தாமரை இலையில் தண்ணீர் கொண்டுவந்து மான்குட்டியின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டது. வெகுநேரம் கழித்துத்தான் அது காதை அசைத்தது. மற்றக் குட்டிகள் தெம்பு வந்து ஆட்டம் போட்டதில் காப்பகம் முழுக்கச் சேறாகிவிட்டது.

மாலையில் தாய்கள் வந்தன. "என்ன கண்றாவி இது?" என்று முயல் மூக்கைச் சுளித்தது. "இந்தச் சேத்துலயா பிள்ளையை விட்டுட்டுப் போறது?" என்றது மான்.

"எல்லாம் இந்தக் கீரி செஞ்ச வேலை" என்று மயில் முந்திக்கொண்டது.

கீரி வெடித்தது. "மான் அக்கா, உங்க பிள்ளை மத்தியானம் இங்க உசுருக்குப் போராடிக்கிட்டுக் கிடந்துச்சு. வந்ததும் உங்க கண்ணு சேத்துமேலதான் போகுது! உங்களைச் சொல்லி என்ன? நானும்தான் தரையைப் பார்த்துப் பல்லிளிச்சேன். என் பிள்ளை மூணு நாளா எரிச்சல்ல துடிச்சது எனக்கே தெரியல. வெட்கமா இருக்கு."

மான் பதறிப்போய்த் தன் குட்டியிடம் ஓடியது. முயல் தன் குட்டியின் வெடித்த உதட்டை அப்போதுதான் பார்த்தது. அன்றைக்கே மயிலை அனுப்பிவிட்டு, மறுநாளிலிருந்து தாய்களே முறை வைத்துக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டன.

பிள்ளையின் வாடிய முகத்தைக் கவனிக்காமல் இடத்தின் பளபளப்பை மெச்சுகிறவர்கள், அந்தப் பிள்ளை படும் பாட்டுக்குத் தாங்களும் பொறுப்பாளிகளே.