கம்பவுண்டர் சூசையின் ஆடிப்போன படங்கள்

கோமளவல்லி டீச்சரிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்களில் மூத்தவர் திருமலைச்சாமி சார். வயது அறுபத்தாறு. ஒரு காலத்தில் இதே டீச்சருக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அன்றைக்கு அவர் காதைத் திருகினார், இன்றைக்கு இந்தம்மா திருகாமல் விட்டுவைத்திருக்கிறார் என்று ஊரில் கேலி பேசுவோம். இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை சார் ஒரு தகரப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

பெட்டி கம்பவுண்டர் சூசையுடையது. சூசை இறந்து ஒரு மாதம் ஆகிறது. எங்கள் ஊர் டாக்டரிடம் முப்பது வருஷம் இருந்தவர். குழந்தைக்கு ஊசி போடும்போது மெதுவாக ஆனந்தபைரவி ராகத்தை இழுப்பார். குழந்தை அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி முடிந்திருக்கும். பாட்டும் படமும்தான் அவருக்குப் பைத்தியம். மண்டபத்தில் கச்சேரி என்றால் முன்வரிசை ஓரத்தில் பழைய பிலிம் கேமராவோடு உட்கார்ந்துவிடுவார். பிளாஷ் போடமாட்டார். பாடுகிறவருக்குக் கண் கூசுமாம். அந்த மங்கல் வெளிச்சத்திலேயே எடுப்பார். அவரைப் பிடிக்காதவர் ஊரில் ஒருத்தர் கிடையாது. அவர் எடுத்த படத்தைப் பிடித்தவரும் கிடையாது.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம். அவர் எடுத்த படங்களை மாட்டிவைப்பது, சார் ஒரு பாட்டுப் பாடுவது என்று ஏற்பாடு.

"பிரிச்சுப் பார்த்துட்டேன் டீச்சர். நல்ல படமா முப்பது தேறுது. மத்ததெல்லாம் கேமரா அசைஞ்சு, கலங்கலா ஆடிப்போச்சு," என்றார் சார். "ஆனா பாட்டுக்கு மட்டும் என்னை விட்டுருங்க."

"ஏன் சார்?"

"பதினோரு வருஷம் சூசை என் பாட்டைக் கேட்டான். நல்லா இருக்குன்னும் சொன்னதில்லை, இல்லைன்னும் சொன்னதில்லை. சிரிப்பான், போயிடுவான். என் முதல் கச்சேரியை அவன்தான் படம் எடுத்தான். பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டலாம்னு ஆசையா இருந்தேன். கொண்டுவந்து கொடுத்தான் பாருங்க, வெறும் வெள்ளைப் புகை. இதைக்கூட ஒழுங்கா எடுக்க மனசில்லையாடான்னு கத்திட்டேன். படத்தை அவன் கையிலயே திணிச்சு அனுப்பிட்டேன்."

சாரின் குரல் இறங்கியது.

"அவனுக்கு என் பாட்டுப் பிடிச்சுதா, பிடிக்கலையா? அது தெரியாம அவனுக்காக நான் எப்படிப் பாடுறது?"

டீச்சர் முப்பது படங்களையும் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பின்பக்கம் சூசை குண்டு குண்டான எழுத்தில் பெயரும் தேதியும் எழுதியிருந்தார்.

"இவரை ஞாபகம் இருக்கா சார்?"

"வெளியூர் வித்வான். பஸ்ஸைப் பிடிக்கணும்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே பாடினார்."

"இது?"

"டாக்டர் மச்சினன். புல்லாங்குழல் வாசிச்சான். நாங்க பாதிப் பேர் காபி குடிக்கப் போயிட்டோம்."

"இது?"

"சேர்மன். அவர் எங்க பாடினார்? பேசினார், முக்கால் மணி நேரம். எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க, மீசையை முடி முடியா எண்ணிடலாம்."

டீச்சர் பெட்டிக்குள் கையை விட்டு சூசையின் கேமராவை வெளியே எடுத்தார்.

"இதைக் கண்ணுல வச்சு என்னைப் பாருங்க சார். ஆடாமப் பிடிக்கணும்."

சார் முழங்கையை விலாவில் ஊன்றிக்கொண்டார். டீச்சர் தம்புராவை மீட்டி ஏதோ ஒரு சரளிவரிசையைப் பாடினார். கண் அடுப்படியில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆடுதா சார்?"

"அசையலை டீச்சர்."

பிறகு டீச்சர் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கண்ணை மூடி சஹானா ராகத்தை எடுத்தார். எதிர்வீட்டில் மிக்சியை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கேமரா சாரின் கண்ணாடியில் டொக்கென்று இடித்தது.

"ஆடாமப் பிடிங்க சார்."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மறுபடியும் டொக்.

"தலை தானா ஆடுது டீச்சர். நான் ஆட்டலை."

டீச்சர் பாட்டை நிறுத்தவில்லை. சார் மெதுவாகக் கேமராவைக் கீழே வைத்தார். பெட்டியையே பார்த்தார். அப்புறம் அதைத் தரையில் அப்படியே கவிழ்த்துக் கொட்டினார்.

"நாகலிங்கம், நாதஸ்வரம். அன்னைக்குக் கூரை ஒழுகியும் ஒருத்தர் எந்திரிக்கலை. ஆடியிருக்கு," என்று படித்தார். "ரஞ்சிதம், வில்லுப்பாட்டு. ஆடியிருக்கு. மாதா கோவில் பாட்டுக்குழு, கிறிஸ்துமஸ். ஐயய்யோ, இதுல ஆள் எது, மெழுகுவத்தி எதுன்னே தெரியலை." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த படத்தைத் திருப்பியதும் சிரிப்பு நின்றது. திருமலைச்சாமி, முதல் கச்சேரி என்று எழுதியிருந்தது. முன்பக்கம் வேட்டியும் தலையும் ஒன்றாகக் கலங்கிக் கிடந்தன.

"இருக்கிறதுலயே மோசமா ஆடியிருக்கு டீச்சர்," என்றார். பெருமையாகத்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "வாயைத் திறந்து சொல்லித்தொலைச்சிருக்கலாம்ல, படுபாவி."

டீச்சர் அவரை அழவிட்டார்.

துண்டால் முகத்தைத் துடைத்தபோதுதான் சாருக்கு இன்னொன்று உறைத்தது. தேறிய முப்பதில், வாசலில் மாட்டலாம் என்று அவர் முதலாவதாக எடுத்துவைத்திருந்தது டீச்சரின் படம். அதன்மேல் துண்டைப் போடப் பார்த்தார்.

"அதை இப்படிக் கொடுங்க சார்."

ஏதோ ஒரு மார்கழிக் கச்சேரி. தோட்டில் இருக்கும் கல்வரைக்கும் பளிச்சென்று இருந்தது.

"அன்னைக்கு மண்டபத்துல வெளிச்சம் நல்லா இருந்திருக்கும்," என்றார் சார்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "அன்னைக்கு என் கவனமெல்லாம் புதுப் பட்டுப்புடவையில இருந்துச்சு சார். இது எனக்கு வேணும்." தினமும் பாட உட்காரும் இடத்துக்கு எதிரே, சுவரில் சாய்த்து வைத்தார்.

சாயங்காலம் மண்டபம் முழுக்க ஆடிப்போன படங்களாக மாட்டினோம். வந்தவர்கள் முதலில் முழித்தார்கள். கீழே எழுதி ஒட்டியிருந்த பெயரையும் தேதியையும் படித்ததும் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ரஞ்சிதம் பாட்டுக்கு ஊர் எப்படிச் சிரித்தது, மழையில் நாகலிங்கம் எதை வாசித்தார் என்று ஒரே சத்தம். சேர்மனின் படத்தையும் மாட்டியிருந்தோம். தன்னுடையது மட்டும் தெளிவாக இருப்பதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

சூசையின் மனைவி லூர்து அக்காவிடம் சார் விஷயத்தைச் சொன்னார்.

"என்னை எடுத்ததும் ஒண்ணுகூட உருப்படியா இருக்காது. வேலை செய்யும்போது எதையாவது பாடிக்கிட்டே இருப்பேன். அப்பத்தான் வந்து எடுப்பார்," என்றார் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சார் மேடை ஏறினார். பக்கத்தில் டீச்சர் தம்புராவோடு உட்கார்ந்தார். கூட்டத்தில் பத்திருபது செல்போன்கள் மேலே எழுந்தன. சார் டீச்சர் பக்கம் குனிந்தார்.

"டீச்சர், எல்லாரும் படம் எடுக்கிறாங்க."

"எடுக்கட்டும் சார். ஒண்ணுகூடத் தேறாத மாதிரி பாடுங்க."