ஒரு வீட்டுப் பயறு

சீனத்தில் கடைசி மாதத்தின் எட்டாம் நாளை லாபா என்பார்கள். அன்றைக்குக் கஞ்சி காய்ச்சினால்தான் புத்தாண்டு வேலை தொடங்கியதாகக் கணக்கு. அதற்குப் பிறகுதான் ஒட்டடை அடிப்பது, அடுப்படி சாமியின் வாயில் இனிப்புத் தடவி வானுலகுக்கு வழியனுப்புவது, வாசலில் சிவப்புத் தாள் ஒட்டுவது எல்லாம்.

ஆற்றங்கரைக் குன்றின்மேல் இருந்த ஷான்லின் குருவின் மடத்திலும் கஞ்சி காய்ச்சினார்கள். ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி தானியம் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போடுவது வழக்கம். அரிசி, தினை, வேர்க்கடலை, தாமரை விதை, யார் வீட்டில் எது இருக்கிறதோ அது. தானியம் கொடுத்த வீட்டார் மறுநாள் மடத்துக்கு வந்து ஆளுக்கொரு கிண்ணம் குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருடம் தானியம் வாங்கப் போனவன் தாவ்பிங். மடத்துச் சமையலும் அவன் பொறுப்புதான். நாற்பது வயதைக் கடந்த சீடன், பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவன்.

கஞ்சி கொதித்து வந்தது. பனியில் ஜனங்கள் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். குரு வந்து வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"படகுக்காரன் லுவோவைக் காணோமே?"

தாவ்பிங் அண்டாவைக் கிளறிக்கொண்டே சொன்னான். "அவன் வீட்டுப் பிடி இதுல இல்லை, குருவே."

"கொடுக்கலையா?"

"நான் கேட்கலை."

காரணம் குருவுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன், குடித்துவிட்டுப் படகு தள்ளிய லுவோ வெள்ளத்தில் அதைக் கவிழ்த்தான். அதில் தாவ்பிங்கின் தம்பி ஜுன் போய்விட்டான். தாவ்பிங் மடத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

குரு மூடியை எடுத்து அண்டாவை மூடினார். பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ கஞ்சி இன்னும் ஆகலை."

"ஜனங்க பசியோட நிக்கறாங்க."

"நானும்தான்."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. குளிரில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற ஒரு கிழவர், "போன வருஷம் இந்நேரம் ரெண்டாவது கிண்ணமே முடிச்சிட்டேன்" என்றார்.

தாவ்பிங் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அவன் தானியம் ஒரு பிடி விழுந்தா ருசி கூடிடுமா?"

"கூடாது."

"அந்தக் கையாலதான் அன்னைக்குத் துடுப்புப் பிடிச்சான்."

"ஆமா. அந்தக் கைதான்."

தாவ்பிங் கரண்டியை வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான். கோபத்தில் படிகள் கண்ணுக்குத் தெரியவில்லை.

லுவோவின் வீடு படகுத்துறையை ஒட்டி இருந்தது. தாவ்பிங் தட்டுவதற்குள் கதவு திறந்தது. நரைத்துப்போன மனிதன். சாராயத்தை விட்டுவிட்டான் என்று ஊரில் சொன்னார்கள். தாவ்பிங் அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

தாவ்பிங் கிண்ணத்தை நீட்டினான்.

லுவோ உள்ளே போய் ஒரு சட்டியோடு வந்தான். சட்டியில் சிவப்புப் பயறு, வெந்து மலர்ந்து, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நேத்து நீங்க எல்லா வீட்டுக்கும் போனதைப் பார்த்தேன், சாமி. என் வாசலுக்கு வரலைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் ராத்திரி ஊறப்போட்டேன். காலையில வேகவெச்சேன்."

"எதுக்கு?" அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவனிடம் தாவ்பிங் பேசிய முதல் வார்த்தை அது.

"ஒருவேளை கடைசி நேரத்துல வந்துட்டீங்கன்னா? வேகாத பயறைக் கொதிக்கிற கஞ்சியில போட முடியாதே."

லுவோ கிண்ணத்தில் கொட்டும்போது பயறு கொஞ்சம் வெளியே சிந்தியது. குனிந்து அதைப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டான். தாவ்பிங் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பாதி வழியில் நின்றான். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை அதில் கவிழ்த்துவிட்டு, அவன் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடலாம். குரு நம்பினாலும் நம்பாவிட்டாலும் கேட்கப் போவதில்லை. கிண்ணத்தின் சூடு உள்ளங்கையில் ஏறியது. மேலே ஒரு குழந்தை பசியில் அழுவது கேட்டது. மறுபடி படியேறினான்.

குரு மூடியைத் திறந்தார். தாவ்பிங் பயறைக் கொட்டிக் கிளறினான். கொஞ்ச நேரத்தில் எது யார் வீட்டுப் பயறு என்று அவனுக்கே தெரியாமல் போனது.

வரிசை நகர்ந்தது. எல்லாருக்கும் பின்னால் லுவோ வந்து நின்றான். தாவ்பிங் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு ஊற்றிய அளவே அவனுக்கும் ஊற்றினான். லுவோ ஓர் ஓரமாகப் போய், நின்றபடியே குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

கூட்டம் கலைந்தது. தாவ்பிங் அடுப்பின் அருகே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். அண்டாவில் மிச்சம் இருந்ததை வழித்து, குரு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினார்.

"எனக்கு வேண்டாம், குருவே."

"ஏன்?"

"நீங்க சொன்னபடி வாங்கிட்டு வந்தேன். அண்டாவுல போட்டேன். அவனுக்கும் ஊத்தினேன். ஆனா மனசு ஆறலை. அவனைப் பார்த்தா ஜுன் முகம்தான் வருது. என்னால மன்னிக்க முடியலை. இதை எந்த முகத்தோட குடிப்பேன்?"

குரு கிண்ணத்தை அவன் கையில் வைத்தார்.

"மன்னிக்கவா சொன்னேன்? பயறு வாங்கிட்டு வரத்தானே சொன்னேன்? குடி, ஆறிடப் போகுது."