பொட்டு அழியாத சாய்பலகை

விடை தெரிந்தாலும் கடைசிவரை வாய் திறக்காதவர்கள் மட்டும் இந்தக் கதையைக் கேட்கலாம்.

ஒரு நகரத்துப் பணிமனையில் நாற்பது தாழ்தளப் பேருந்துகள் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவாசலிலும் மடக்கி வைத்த இரும்புச் சாய்பலகை ஒன்று உண்டு. அதை விரித்துத் தரையில் சாய்த்தால், சக்கர நாற்காலியில் இருப்பவர் தாமே உருட்டிக்கொண்டு ஏறிவிடலாம். பேருந்துகள் வந்து ஓராண்டு நிறைந்தபோது, சாய்பலகையைச் சிறப்பாக வைத்திருப்பவருக்குக் கோப்பை என்று மேலாளர் அறிவித்தார். அதோடு விட்டாரா? வென்றவரின் வழக்கமே மறுநாள் முதல் நாற்பது வண்டிகளுக்கும் விதி என்றும் சொல்லிவிட்டார்.

தீர்ப்புச் சொல்லக் குமுதவல்லியை அழைத்தார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். சிறுவயது முதல் சக்கர நாற்காலிதான். தினமும் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டுத் தம்பியின் சுமை ஆட்டோவில்தான் வேலைக்குப் போவாள். அவனுக்குக் காலையில் சவாரி வாய்த்தால் அவளுக்குத் தாமதம். இன்னொரு முறை தாமதமானால் வேலை நீட்டிப்பு கிடையாது என்று அதிகாரி சொல்லியிருந்தார். ஆகவே அந்த விதி அவளுக்குச் சோற்றுப் பிரச்சினை.

முதலில் ஓட்டுநர் சிவஞானம் தம் வண்டியின் பலகையை விரித்தார். குமுதவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பலகையில் ஒரு கீறல் இல்லை. சக்கரம் உருள வேண்டிய இடத்தில் மூன்று சந்தனப் பொட்டுகள், நடுவே குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டும்மா. ஒன்பது மாசமாச்சு, இன்னும் அழியல பாருங்க," என்றார் பூரிப்போடு.

புதுச் சோபாவின் பாலித்தீன் உறையைக் கிழிக்காத வீட்டுக்காரரின் பெருமை அது. மனிதர் பொல்லாதவர் அல்ல. ஆனால் வண்டியின் எண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் நிறுத்தத்தில், பின்னால் வண்டி வருகிறது என்று தினமும் கையைக் காட்டிவிட்டுப் போகும் வண்டி அது. அவருக்கோ அவளை அடையாளம்கூடத் தெரியவில்லை.

அடுத்தவர் நடத்துநர் அந்தோணிசாமி. பலகையை விரித்து மடக்க நாலு நிமிடம் ஆகும் என்று அவர் ஆளையே தூக்கி ஏற்றிவிடுவார். யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை, வண்டி ஒரு நாளும் தாமதமில்லை என்றார். உண்மைதான். ஒருமுறை வேறொரு நிறுத்தத்தில் குமுதவல்லியையும் கேட்காமல் கொள்ளாமல் அள்ளி இருக்கையில் வைத்தார். உடம்பெல்லாம் கூசிப்போய் ஜன்னல் வழியே பார்த்தால், நாற்காலி சாலையிலேயே நிற்கிறது. வண்டி நகர்ந்துவிட்டது. ஐயோ நாற்காலி என்று கத்தினாள். ஆட்டோவில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்றார் அவர் சாதாரணமாக. வண்டி குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள்தான் இறங்கிய இடத்துப் பெஞ்சில் முக்கால் மணி நேரம் நாற்காலிக்காக உட்கார்ந்திருந்தாள். அதிகாரி எச்சரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாமவர் வேறு வழித்தடத்து ஓட்டுநர் காதர்மைதீன். அவர் பரிசுக்கு வரவேயில்லை. உடைந்த கீலை மாற்ற வந்தவரை, எப்படி வைத்திருக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக மேலாளர் பிடித்து நிறுத்தியிருந்தார். பலகை பார்க்கச் சகிக்கவில்லை. வண்ணம் உரிந்து, ஓரம் நெளிந்து, கீல் ஓராண்டில் மூன்று முறை போயிருந்தது. பத்தொன்பது நாள் வண்டி தாமதமாகி, இரண்டு மெமோ. மனிதர் தலை குனிந்து நின்றார். இவரையும் சேர்த்துத்தான் பார்ப்பேன் என்றாள் குமுதவல்லி.

பலகையைப் புதுக்கருக்குக் குலையாமல் காத்தவர் ஒருவர். யாரையும் விட்டுவிடாமல் நேரத்தோடு கொண்டுபோனவர் ஒருவர். பலகையும் கெட்டு நேரமும் கெட்டவர் இன்னொருவர். நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டியவள் கோப்பையை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: காதர்மைதீனிடம். ஆள் ஏறாமல் இரும்பு தேயாது. சிவஞானம் காத்தது பலகையை. அந்தோணிசாமி காத்தது வண்டியின் நேரத்தை, ஏறியவளின் நேரத்தை அல்ல. பிறர் கை படாமல், தம் நாற்காலியோடு மனிதர்கள் ஏறி இறங்கியது காதர்மைதீனின் வண்டியில் மட்டும்தான். தீர்ப்பைக் கேட்டதும், இனி ஏற்றவும் இறக்கவுமாக எல்லா வண்டியும் பத்து நிமிடம் தாமதமாகுமே என்று மேலாளர் பதறினார். குமுதவல்லி சிவஞானத்தின் வண்டியைக் காட்டினாள். "பத்து நிமிஷம்தானே சார்? இந்த வண்டிக்காக நான் ஒரு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."